வால்நட்சத்திரத்துக்கு ஒரு தேங்காய்

போன புதன்கிழமை எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடையவில்லை.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது... கொஞ்சம் பொறுங்கள்.

பட்டியல் போடுவது என் வியாதி என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு என் பட்டியலில் இரண்டே விஷயங்கள். ஒன்று – பத்து வருடமாக விண்வெளியில் பயணம் செய்த கருவி ஒன்று, அன்று ஒரு வால்நட்சத்திரத்தின் மேல் மெதுவாக இறங்கப் போகிறது. இதற்கு முன் யாரும் செய்து பார்க்காத வேலை. இரண்டு – அம்மாவின் கழுத்தில் வந்த கட்டியில் ஊசி குத்தி சாம்பிள் எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ரிப்போட் தருவார்கள். அதற்காகத்தான் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்திருந்தேன்.

இரண்டாவதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அதனாலேயோ என்னவோ, எல்லோரும் முதலாவதைப் பற்றியே பேசினார்கள்.

காலைப் பெரட்டில் ஆளைக் கணக்கெடுத்து ஆளுக்கு இத்தனை மரம் என்று பால்வெட்டப் பிரித்துக் கொடுக்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டதாம். டிஷ்ஷில் வரும் இந்தியச் செய்தி சேனல் பகல் முழுக்க அதையே காட்டியது. பொழுது சாய்ந்ததும் தோட்டத் தலைவர் வந்து வாசலில் நின்றார்.

“புள்ள, நீ சிக்னல் வேலை படிச்ச ஆளு. லைவா காட்ட மாட்டியா?”

காட்டலாம். ஆனால் எங்கள் வரிசை வீடுகள், அதாவது லயம், இருப்பது பள்ளத்தில். என் இன்டர்நெட் டொங்கிளுக்கு உயிர் வருவது கோயில் மேட்டில் மட்டும்தான். ஆகவே லெப்டொப் கோயிலுக்குப் போனது. வைக்க மேசை இல்லை... உண்டியல் மேல் வைத்தோம். அரை லயம் சுற்றி உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா ஸ்க்ரீனை உற்றுப் பார்த்தார்.

“அங்க யாரு இருக்காங்கன்னு இத அனுப்புறாங்க?”

“யாரும் இல்லக்கா. கல்லும் ஐசும்தான்.”

“ஆளே இல்லாத எடத்துக்குப் பத்து வருஷமா வழி கண்டுபிடிச்சுப் போறானுங்க. நம்ம லயத்துக்கு ஒரு ரோடு வரக் காணோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரைத் தவிர. ரோடு அவருடைய பொறுப்பு.

பேச்சை மாற்றவோ என்னவோ, அவர் பூசாரி பக்கம் திரும்பினார். “பூசாரி, ஒரு தேங்கா எடுங்க. நல்லபடியா எறங்கட்டும்.”

எங்கள் தோட்டத்தில் இது வழக்கம். புது த்ரீவீலர் வந்தாலும் தேங்காய், கிரிக்கெட் மேட்ச் என்றாலும் தேங்காய். வால்நட்சத்திரம் மட்டும் என்ன பாவம் செய்தது?

நான்தான் சும்மா இருக்காமல் தலைவரிடம் சொன்னேன். “மாமா, அது இருக்கிற தூரத்துக்கு அங்கயிருந்து சிக்னல் வரவே கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகும். எறங்குறதோ விழுறதோ, நமக்குத் தெரியுறதுக்கு முந்தியே நடந்து முடிஞ்சிரும். இப்ப தேங்கா ஒடச்சு என்னாகும்?”

“அப்ப ஓ.எல். பரீட்சை ரிசல்ட் அன்னைக்கு நீ எதுக்குக் கோயிலச் சுத்துன?” என்றார் கமலா அக்கா. “பேப்பரு திருத்தி மார்க்கு போட்டு எவ்வளவு நாளாச்சு?”

கோயில் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னார். “என் ரிப்போட்டும் இந்நேரம் எழுதித்தான் வச்சிருப்பாங்க.”

பூசாரி தேங்காயைக் கையில் எடுத்தார். “அப்ப ரெண்டுக்கும் சேத்தே ஒடச்சிருவோம் தங்கச்சி.”

ஓங்கிப் போட்டார். தேங்காய் கல்லில் பட்டது – பந்து மாதிரி எழும்பியது – உருண்டு போய் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. ஒரு கீறல் கூட இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். தொடர்ந்து மழை, கல்லின் மேல் பச்சைப் பாசி, தேங்காய் சரியாகப் படாமல் வழுக்கிவிட்டது. சொன்னேன். யார் கேட்டார்கள்? அம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார்.

பூசாரி கானில் இறங்கி, அதே தேங்காயை எடுத்து வந்து மறுபடி போட்டார். சிதறியது. கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரீனிலும் கட்டுப்பாட்டு அறை ஆட்கள் குதித்துக் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். இறங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். கமலா அக்கா விசிலே அடித்தார். அம்மாவும் கைதட்டினார்... எல்லோரும் நிறுத்திய பிறகு.

மறுநாள் காலை இரத்தினபுரி பஸ்ஸில் அம்மா கட்டி வந்த ரொட்டியைத் தொடவில்லை. பாதி வழியில்தான் சொன்னார்.

“தேங்கா குதிச்சிருச்சேடி.”

போனை எடுத்துச் செய்தியைத் தட்டினேன். பார்த்தால் – எனக்கே நம்ப முடியவில்லை.

“அம்மா, அதுவும் குதிச்சிருக்கு.”

“எது?”

“நேத்து எறங்குச்சே, அது. தரையப் புடிச்சுக்க வேண்டிய கொக்கி வேல செய்யல. அங்க ஈர்ப்பு வேற கொறச்சல். பட்டதும் மேல எழும்பிப் போய்த் திரும்ப எறங்கியிருக்கும்னு சொல்றாங்க.”

“ஒடஞ்சிருச்சா?”

“இல்ல. நல்லா இருக்கு. தகவல் அனுப்பிக்கிட்டு இருக்கு.”

அம்மா மடியிலிருந்த பார்சலைப் பிரித்து எனக்கொரு ரொட்டி கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, பக்கத்து சீட் சிங்கள அம்மாவிடம் வால்நட்சத்திரத்தையும் தேங்காயையும் சேர்த்து விவரிக்க ஆரம்பித்தார். சிங்களத்தில், கை ஜாடையோடு.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. சொல்லவில்லை. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் டொக்டர் ரிப்போட்டைப் படித்த நேரம் எனக்குச் சிக்னல் வரும் அந்த அரை மணி நேரத்தை விட நீளமாக இருந்தது. பிறகு நிமிர்ந்தார். “பய வென்ன எப்பா அம்மா,” என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பயப்பட ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டி. இடைக்கிடை வந்து காட்டினால் போதும்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். “பூசாரிக்குப் போன் போடு.”

யோசித்துப் பார்த்தால், வாழ்க்கையில் முக்கியமான பல முடிவுகள் எங்கோ ஏற்கெனவே வந்துவிடுகின்றன. நமக்கு வந்து சேரத்தான் நேரமெடுக்கிறது. அந்த இடைவெளியில் மனிதர் என்ன செய்வார்கள்? அங்கே அத்தனை படித்தவர்களும் ஸ்க்ரீன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். எங்களிடம் தேங்காயாவது இருந்தது.

ஊரில் இப்போது பூசாரியைப் பிடிக்க முடியவில்லை. “அது குதிக்கும்னு மொதல்ல சொன்னது நம்ம தேங்காதான்” என்கிறார். கருவி ஒரு பாறை நிழலில் மாட்டி, வெயில் கிடைக்காமல், பேட்டரி தீர்ந்து தூங்கிவிட்டது என்று சனிக்கிழமை செய்தி வந்தது. அம்மாவிடம் தயங்கித்தான் சொன்னேன். “பத்து வருஷம் அலைஞ்ச புள்ள, கொஞ்சம் தூங்கட்டும்” என்றுவிட்டார்.

நேர்த்திக்கடனுக்கு இன்னொரு தேங்காய் உடைக்க வேண்டுமாம். நேற்றே கம்பி பிரஷ்ஷோடு போய் அந்தக் கல்லைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். இறங்கும் இடத்தைத் தயார் செய்வது... என்ன இருந்தாலும் டெக்னிக்கல் வேலை.