முன்னால் வரும் கறை

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த மறுவருஷம், ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள் காலையில், என் உள்பாவாடையில் ஒரு கறையைப் பார்த்தேன். சிவப்பாக இல்லை. புளிக்கரைசல் பட்டது போலப் பழுப்பாக, புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. மறுநாள் விடியுமுன் வீட்டோடு வண்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குப் போவதாக ஏற்பாடு. கட்டிக்கொள்ள வேண்டிய சேலையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போது எனக்குத் தோன்றவில்லை. நேரே மாமியாரிடம் போய்ச் சொன்னேன். எவ்வளவு, என்ன நிறம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “தூரமாயிட்டா தூரந்தான். தேரு அடுத்த வருசமும் ஓடும்” என்று சொல்லிவிட்டு, மாட்டுத் தொழுவை ஒட்டிய அறையில் எனக்குப் பாயைப் போட்டார். மறுநாள் என் ஓரகத்தியும் பிள்ளைகளும் ஆண்களும் வண்டியேறிப் போனார்கள். எனக்கு ஒரு சட்டி நிறையச் சோறும் துவையலும் வைத்துவிட்டு மாமியாரும் போனார்.

அன்று முழுவதும் எதுவும் வரவில்லை. இடுப்பு கடுத்தது, மார்பு கனத்துக் கிடந்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. ஆனால் துணி சுத்தமாக இருந்தது. மத்தியானம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஏன் தேருக்குப் போகவில்லை என்று கேட்டார். சொன்னேன்.

“வந்துட்டா?”

“இன்னும் வரல.”

“வரலன்னா பொறவு எதுக்கு அங்க உக்காந்திருக்க?”

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள், வீட்டில் ஒதுங்கி உட்காரும் வழக்கம் இல்லையாம். வந்தாலும் பள்ளிக்கூடம் போவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போவார். அதனால் எப்போது ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. தேர் நிலைக்கு வந்து, எல்லோரும் பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, அதற்கும் மறுநாள்தான் எனக்கு ஒழுங்காக வந்தது. மாமியார் அன்றிலிருந்து கணக்கை மறுபடி ஆரம்பித்தார். அப்படியானால் தேரன்று நான் தூரமா, இல்லையா? கேட்டேன். “வாய மூடிட்டுக் கிட” என்றார். அவருக்கும் தெரியவில்லை என்று அப்போதே பட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தக் கேட்கும் புத்தி வந்தது. முதலில் ஓரகத்தியிடம் கேட்டேன். கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தனக்கும் முன்னால் அப்படிக் கறை படும் என்றாள். எத்தனையோ தடவை கறையோடேயே விளக்கேற்றியிருக்கிறாளாம்.

“நான் சொல்லவே மாட்டேன். நல்லா வந்த பொறவுதான் சொல்லுவேன். நீ ஏன் அவசரப்பட்டுச் சொன்ன?”

எனக்குக் கோபம் வரவில்லை. இதே வீட்டில் இன்னொருத்திக்கும் இப்படி நடக்கிறது என்பதே ஆச்சரியமாக இருந்தது. இதுவரை இது என் உடம்பின் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன்.

பருத்தி எடுக்க எங்கள் காட்டுக்கு வந்த பெண்களிடம் கேட்டேன். வெயிலில் முதுகு வளைத்து எடுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்திக்குக் கறையே கிடையாது. தொடை கடுக்கும், சட்டென்று வந்துவிடும். இன்னொருத்திக்கு முந்தின நாள் தலையிடி. ஒருத்திக்குப் பச்சரிசியாக அள்ளித் தின்ன வேண்டும் போலிருக்குமாம். புருஷன் எது சொன்னாலும் எரிச்சல் வரும் என்று ஒருத்தி சொன்னதற்கு, அது எல்லா நாளும்தான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். காரணம் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: சூடு. நானும் வெந்தயத்தை ஊறவைத்து மோரில் போட்டுக் குடித்துப் பார்த்தேன். அந்த மாதம் கறை வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அதே வெந்தயம், அதே மோர், கறை வந்தது.

யுத்த காலம் அது. அரிசிக்கே அலைந்த அந்த வருஷத்தில் எனக்குக் கறை சீக்கிரமே தொடங்கி நாள்கணக்கில் நீடித்தது. வலியும் கூடியது. பிள்ளையும் தங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர் வந்திருப்பதாகவும் தான் கூட்டிப்போவதாகவும் டீச்சர் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. மாமியார் மட்டும், இதற்கெல்லாம் டாக்டரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பு மாட்டி ஓட்டிய பஸ்ஸில், மேடு வந்தால் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. என்ன நிறம்? துணி நனையுமா, கறை மட்டும்தானா? மாதத்தின் நடுவில் படுகிறதா, வருவதற்கு முன்னால்தானா? அதுவரை நான்தான் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஒருவர் இப்படி நிதானமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லச் சொல்ல எனக்குத் தெம்பாக இருந்தது. சோதித்துப் பார்த்துவிட்டு, கெட்டதாக எதுவும் தென்படவில்லை, ரத்தம் குறைவு என்று சொல்லி மருந்து கொடுத்தார். கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் மெத்தை மாதிரி ஒன்று வளர்ந்து, பிள்ளை தங்காவிட்டால் கழன்று வருகிறது. கழலுவதற்கு முன்னால் சிலருக்குக் கொஞ்சம் கசியும். மெதுவாக வருவதால் நிறம் மாறிப் பழுப்பாகிவிடுகிறது. இவ்வளவையும் ஒரு துண்டை மடித்துக் காட்டி விளக்கினார்.

“எனக்கு வருது, சில பேருக்கு வரலையே, ஏன்?” என்று கேட்டேன்.

“அது எனக்கும் தெரியலம்மா” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது ஒன்று சொன்னார். மாதத்தின் நடுவில் பட்டாலோ, நாள்கணக்கு இன்னும் கூடினாலோ திரும்ப வர வேண்டும். அடியோடு நின்றுபோன பெண்களுக்கு மறுபடி கறை கண்டால் மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஓரகத்திக்குச் சொன்னேன். மாமியார் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நாலைந்து நாள் கழித்து என்னைத் தொழுவுக்குக் கூப்பிட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ஏட்டி, நின்னுபோனவளுக்குப் பட்டா என்னன்னு சொன்னாவ அந்த டாக்டரம்மா?”

பொங்கலிலிருந்தே அவருக்குப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நின்று வருஷக்கணக்கான பிறகு. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு சாமி அறைக்குள் போகாமல் இருந்தது அதனால்தான். விளக்கேற்றும் வேலையை ஓரகத்தியிடம் விட்டதும் அதனால்தான். தனியாகவே ஒரு தூரத்தைக் காத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். “எம்புட்டுப் படுது அத்தை, என்ன நெறம்?” என்று கேட்டேன். அவர் சொன்னார். சிவப்புத்தான் என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே கூட்டிப்போனேன். வழியெல்லாம் புற்றாக இருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும். கர்ப்பப்பையின் வாயில் காம்பு போலச் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதை எடுத்துவிட்டு அங்கேயே படுக்க வைத்தார். கெட்ட சதை போலத் தெரியவில்லை, இருந்தாலும் சில மாதம் வந்து காட்ட வேண்டும் என்றார். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன்.

மாமியாருக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் படவில்லை. என் கறை, மூத்தவன் பிறந்த பிறகு தானாகவே குறைந்து, பிறகு எப்போதாவது வந்தது. ஏன் குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சதையை எடுத்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் கஞ்சி வாங்கிக்கொண்டு நான் உள்ளே வரும்போது, அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி வயிற்றுவலியோடு சுருண்டு படுத்திருந்தாள். சின்ன வயது. மாமியார் அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, ஒனக்கு வாரதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் நடுவில் பேசாமல் கேட்டார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நானும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.