மேட்டில் காட்டிய பதினேழு

என் நாத்தனார் கார் ஓட்டிப் பிழைக்கிறவள். பழைய கார்தான். நாலு வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவருவாள். போகிற வழியில் என்னையும் வேலைக்கு இறக்கிவிடுவாள். ஒன்பது வருஷத்தில் வண்டியில் ஒரு சிராய்ப்பு கிடையாது. அந்தக் காரைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் அவளுடைய அண்ணன், அதாவது என்னைக் கட்டிய மகராசன். அந்த மனிதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்குவதில்லை.

போன மாதம் அவர் எஞ்சினைப் பிரித்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரைக் கழுவி மாட்டிக் கொடுத்தார். மூன்றே வாரம்தான். பிள்ளைகளோடு மேடு ஏறும்போது வண்டி புகையைக் கக்கிவிட்டு நின்றது. பிஸ்டனில் ஓட்டை. பெற்றவர்கள் அலறியடித்து ஓடிவந்தார்கள். வண்டியைப் பார்க்க வந்த இந்த மனிதர் அவர்கள் நடுவில் நின்று சொன்னார், "இவ மிதிக்கிற மிதிக்கு எந்த எஞ்சின் தாங்கும்? ரேஸ் ஓட்டுறா, ரேஸ்!"

அவ்வளவுதான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரேஸ் ஓட்டுகிறவள் என்று பெயர் ஆகிவிட்டது. நாலு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். அவளோடு தொடர்வதா, வேனுக்கு மாறுவதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

இவர் புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். அப்போதும் மேட்டில் வண்டி இழுக்கவில்லை.

"எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தலண்ணா. காத்துதான் அதிகமாப் போகுது" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்? முப்பது வருஷமா காதாலயே டியூன் பண்றவன் நான்."

காதாம் காது! வீட்டில் பத்துத் தடவை கூப்பிட்டாலும் கேட்காத காது.

அவள் வேறு வழி பார்த்தாள். எஞ்சினுக்குள் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றையும் அதற்காகப் புகைக்குழாயில் பொருத்துகிற ஆக்சிஜன் சென்சரையும் வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவில் சைலன்சர் வெல்டிங் செய்கிறவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

வெல்டிங்காரர் குழாயைத் தட்டிப் பார்த்தார். "சென்சர அடிப்பக்கம் வச்சா தண்ணி தேங்கிக் கெட்டுப்போயிடும். மேல் பக்கமா சாய்ச்சு வைக்கணும். அதுக்கு முன்னால இந்த ஜாயின்ட்ல ஒழுகுது பாருங்க. இதுவழியா வெளிக்காத்து உள்ள போனா மீட்டர் பொய் சொல்லும். உங்க அண்ணன் அதத்தான் புடிச்சுக்குவாரு, முதல்ல இத அடைச்சிடறேன்."

ஒழுகலை அடைத்தார். குழாயில் துளை போட்டு, மரை வெட்டிய வளையம் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். சென்சரை உடனே திருகவில்லை. பட்டறைக்கு வெளியே, புகை இல்லாத இடத்தில் தொங்கவிட்டு, சுத்தமான காற்று எது என்று மீட்டருக்குக் காட்டிவிட்டுத்தான் திருகினார். நாத்தனார் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஒயரை இழுத்து மாட்டினாள். முகமெல்லாம் தூசி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரை இழுத்துவந்து பின் சீட்டில் போட்டோம்.

"மேட்டுல பன்னெண்டு, பதிமூணு காட்டணும். பதினஞ்சத் தாண்டினா பிஸ்டன் வெந்துடும். பாத்துக்கோண்ணா" என்றாள்.

சமதரையில் மீட்டர் பதினொன்றுக்குக் கிட்டே நின்றது. மேடு வந்தது. நிதானமாக, பாதிக்கு மேல் மிதித்தாள். பதினாலு. பதினஞ்சரை. பதினேழு! சட்டென்று காலை எடுத்தாள்.

"இதுல எங்கண்ணா ரேஸு?"

"அது ஓட்டை மீட்டரு" என்றார்.

அங்கிருந்து நேராக வெல்டிங் பட்டறைக்குப் போனோம். வெல்டிங்காரர் விடவில்லை. கார்புரேட்டரைத் திறந்துதான் பார்த்துவிடலாமே என்றார். என் வீட்டுக்காரரே திறந்தார். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற துளைத் திருகுகள் இரண்டு. எப்போதும் வேலை செய்கிற வாய்க்குச் சின்னது, மேட்டில் மட்டும் திறக்கிற வாய்க்குப் பெரியது. ஒவ்வொன்றிலும் எண்ணே போட்டிருக்கிறது. இந்த முப்பது வருஷ வித்வான் கழுவி மாட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்! மேட்டில் பெட்ரோல் பற்றாமல் போனது அதனால்தான்.

இரண்டையும் சரியாக மாற்றிப் போட்டு மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சரியாயிடுச்சு. இத ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தமுக்கடிச்சது நீங்க! நடுரோட்டுல நின்னு அடிச்சீங்க. இப்ப நாலு வீட்டுக்கும் போய், தப்பு என்னுதுன்னு சொல்லுங்க."

"என் பேரு கெட்டா யாரு என்னை நம்பி வண்டி விடுவா?"

"அவ பேரு கெட்டா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ரொம்பத்தான் துள்ளாத. அந்த மூக்குக்கண்ணாடி அம்மா போன் பண்ணி, நெஜமாவே ரேஸ் ஓட்டுறாளான்னு கேட்டப்ப நீ என்ன சொன்ன? 'அவரு மெக்கானிக், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொன்னவதானே?"

சொன்னேன்தான். நாலு வீட்டில் ஒரு வீட்டு அம்மா அவள். வேலை அவசரத்தில், யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கே என் நாக்கை இழுத்து வைத்து அறுத்திருக்க வேண்டும்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "உங்களக் கேட்டாங்களா அண்ணி?"

"கேட்டாங்க."

"தெனமும் என் பக்கத்துலதானே உக்காந்து வர்றீங்க."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "அண்ணன் சொல்லாது. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

முதலில் அந்தக் கண்ணாடி அம்மாவின் வீடு. நான் மட்டும் இறங்கிப் போய் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜெட் மாறிப்போனதை, மீட்டர் காட்டியதை, அவள் ஒரு நாளும் வேகமாக ஓட்டியதில்லை என்பதை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. அவரு கோவத்துல பேசறாருன்னு நெனச்சுத்தான் உங்களைக் கேட்டேன். நேத்தே வேனுக்குச் சொல்லியாச்சுங்க."

திரும்பி வந்தேன். நாத்தனார் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வேனுக்குப் போயிட்டாங்க."

கியரைப் போட்டாள். "இன்னும் மூணு வீடு இருக்கு. ஏறுங்க" என்றாள். அண்ணி என்று சொல்லவில்லை.