கடைசியாகச் சிரிக்கிறவள்

ஐசலின் என்ற அமெரிக்க ஊரில் நான் மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர் அங்கிளுக்கு எழுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, வீட்டுக்குள்ளும் கழற்றாத மஃப்ளர். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு சேனலில், பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்து அவர்கள் சிரிப்போடு எடுத்த பழைய பிரிட்டிஷ் காமெடித் தொடர்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எனக்கு அவையென்றால் உயிர். கீழே போய் அவரோடு உட்கார்ந்து, வசனம் வருவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். அவர் பொறுத்துக்கொள்வார்.

ஒரு எபிசோடில் மட்டும், அரங்கமே சிரித்து ஓய்ந்த நேரத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் சும்மா இருப்பா. இப்போ கேளு."

எல்லோரும் அடங்கிய பிறகு, பார்வையாளர்களில் யாரோ ஒரு பெண் தனியாகச் சிரித்தாள். பத்துத் தடவை பார்த்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"எங்க வீட்டம்மா இப்படித்தான். ஊரே சிரிச்சு முடிச்சப்புறம்தான் அவளுக்கு ஜோக் புரியும்" என்றார். "அவ போயி மூணு வருஷமாச்சு. இந்த எபிசோடு இனி திரும்பி வர ஆறு மாசமாகும்."

நான் உடனே லேப்டாப்பைத் திறந்தேன். "எதுக்கு அங்கிள் வெயிட் பண்றீங்க? ஆன்லைன்லயே இருக்கு, போட்டுத் தரேன். தினமும் கேக்கலாம்."

"வேணாம்ப்பா. அவ என்னிக்கு நான் கூப்பிட்ட உடனே வந்திருக்கா?"

இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். அந்த சேனலின் அட்டவணையை இன்னும் பார்க்கிறேன். அந்த எபிசோடு வருகிற சனிக்கிழமைகளில், அவர் வீட்டில் இருக்க வேண்டுமே, அசந்து தூங்கிவிடாமல் இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.