அரங்கம் கைதட்டிய பாதி பதில்

போன மாதம் மேடையேறி ஒரு பொய் சொன்னேன். அரங்கமே கைதட்டியது.

ஆறின பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்கா என்று ஒரு ஜெர்மன் அம்மையார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை. சர்வாதிகார ஆட்சிகள் விட்டுவிட்டுப் போன கோப்புகளைப் படிப்பதிலேயே வாழ்நாளில் பாதியைச் செலவழித்தவர். கோட்டக்குப்பத்தில் தோழி வீட்டில் தங்கியிருந்தார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி — பெயர் வேண்டாம் — அவரைப் பேச அழைத்தது. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், எழுத்தாளன் என்பதால் நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். விழுப்புரத்தில் என் வீட்டுக்கே ஏசி கார் அனுப்பினார்கள். வாசலில் சந்தனம், மேடையில் பொன்னாடை. நமக்கு வேறென்ன வேண்டும்?

அம்மையார் நன்றாகப் பேசினார். டோட்டலிடேரியனிசம் என்பதற்கு ‘முற்றதிகாரம்’ என்று நானே ஒரு வார்த்தை செய்துகொண்டு போயிருந்தேன். பாசிசத்துக்குக் கூட்டம் வேண்டும், கொடி வேண்டும், வெறுக்க ஓர் எதிரி வேண்டும் என்றார். முற்றதிகாரம் தெருவோடு நிற்காது; வீட்டுக்குள் வந்து, நீ யாரோடு சிரிக்கிறாய் என்றுகூடக் கேட்கும். இரண்டும் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படியலாம், ஆனால் ஒன்றல்ல. ஜனநாயகம்? அது ஓட்டுப் பெட்டியோடு முடிவதில்லையாம். ‘முடியாது’ என்று சொன்னவர் மறுநாள் பயமில்லாமல் வேலைக்கு வர முடிகிறதா — அங்கேதான் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

முன்வரிசையில் தாளாளர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் ஜெர்மனியைப் பற்றித்தானே!

கேள்வி நேரம். நாலைந்து மாணவர்கள் எழுதி வைத்ததைப் படித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கௌசல்யா, பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. கையில் தாள் இல்லை.

“மேடம், எங்க காலேஜ்ல மாணவர் கவுன்சிலுக்குத் தேர்தலே நடக்கல. ஆனா ஏகமனதா தேர்ந்தெடுத்தோம்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. இதுக்குப் பேர் பாசிசமா?”

கேள்வியை நான் ஒழுங்காகத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் யோசித்துப் பதில் சொன்னார். இது பாசிசம் இல்லை. அந்த வார்த்தையைக் கண்ட இடத்தில் செலவழித்தால் நிஜமாகத் தேவைப்படும் நாளில் அது மழுங்கிப் போயிருக்கும். ஆனால் — இந்த ‘ஆனால்’தான் முக்கியம் — நடக்காத தேர்தலுக்கு வாங்கும் கையெழுத்து அந்த ஆட்சிகளுக்கு ரொம்பப் பிடித்தமான காகிதம். நீ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நானில்லை, உன் கல்லூரி.

நான் தமிழில் என்ன சொன்னேன் தெரியுமா? “இது பாசிசம் இல்லை. வார்த்தைகளை நாம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.”

அவ்வளவுதான். முடித்துவிட்டேன்.

யாராவது மிரட்டினார்களா? இல்லை. கண் காட்டினார்களா? அதுவும் இல்லை. தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்... அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கௌசல்யா உட்காரவில்லை. “சார், அவங்க இன்னும் சொன்னாங்களே?” என்றாள்.

நேரமாகிவிட்டது என்றேன்.

திரும்பும்போது காரில் அம்மையார் கேட்டார். நான் நீளமாகப் பேசினேன், நீங்கள் சொன்னது சின்னதாக இருந்ததே? தமிழ் சுருக்கமான மொழி என்றேன். இரண்டாவது பொய். அவர் சிரிக்கவில்லை. கிளியனூர் தாண்டியதும் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். தான் படித்த கோப்புகளில் கொடியவர்கள் கொஞ்சம்தான் என்றார். யாரும் கேட்காமலே ஒரு வரியை விட்டுவிட்ட மரியாதைக்காரர்கள்தான் பக்கம் பக்கமாக இருந்தார்களாம்.

நாலாம் நாள் ஒரு போன். கௌசல்யாவின் அப்பா ஏழுமலை. கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. கேள்வி கேட்டதற்காக மகளை வகுப்புக்குள் விடவில்லை என்றார்.

“மன்னிப்பு லெட்டர் எழுதித் தரச் சொல்றாங்க சார். நீங்க மனசு புண்பட்டு போய்ட்டீங்களாமே? நான் ரெண்டு நாளா கூலிக்குப் போவாம இங்க காலேஜ்லயே நின்னுக்கினு இருக்கறேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

என் மனம் புண்பட்டதாம்! என்னைக் கேட்காமலேயே என் மனதைப் புண்படுத்தி, அதற்கு லெட்டரும் டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

தாளாளர் அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஏழுமலை நின்றார். அவருக்கும் போடுங்கள் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கௌசல்யா லெட்டரைக் கையில் வைத்திருந்தாள்; கையெழுத்துப் போடவில்லை. தாளாளர் குரல் உயர்த்தவே இல்லை. இது ஒரு குடும்பம் மாதிரி சார், சின்னப் பிள்ளைகளை இப்போதே திருத்த வேண்டும் என்று காபி வரவழைத்தார்.

தப்பு செய்தது நான் என்றேன். வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அம்மையார் சொன்ன பதிலை ஒரு வரி விடாமல் தமிழில் எழுதினேன். அதை அந்த அறையில் சத்தமாகப் படித்தேன். கீழே கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தேன். “எழுத்தாளருங்களே இப்படித்தான், சின்னதைப் பெருசாக்கிடுவீங்க” என்றார் தாளாளர். தாளைத் தொடவில்லை.

மன்னிப்பு லெட்டர் கைவிடப்பட்டது. ஜெயித்தோம் என்று நினைத்தேன். முட்டாள்! அடுத்த திங்கட்கிழமை கௌசல்யாவின் ஹாஸ்டல் இடம் போய்விட்டது. இடப் பற்றாக்குறையாம். முந்நூறு பெண்கள் இருக்கும் ஹாஸ்டலில் அவள் ஒருத்திக்கு மட்டும் பற்றாக்குறை. பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் வரிசையில் நின்றேன். ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அவள் தினமும் மூன்று பஸ் மாறுகிறாள். ஊரிலிருந்து கண்டாச்சிபுரம், அங்கிருந்து விழுப்புரம், பிறகு திண்டிவனம். முந்தாநாள் காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். உட்கார இடமில்லாமல் ஒரு தூணில் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள். தேர்தல் நடந்ததா என்றேன். இல்லையாம். ஆனால் எட்டுப் பெண்கள், நாங்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துத் தங்கள் கையெழுத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம்.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். என் மேல் கோபமா அம்மா?

“இருக்குது சார்” என்றாள். திண்டிவனம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இருக்கட்டும். எனக்கும்தான் என் மேல் அது இன்னும் தீரவில்லை.