கூட்டத்தில் மூட்டை தூக்கி ஓடியவர்

பேசும் படம் பினாங்குக்கு வந்த புதிதில் நடந்தது. நான் அப்போது அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜார்ஜ் டவுனில் சும்மா இருந்தேன். மரணப் பதிவு, மனு, மேல்மனு என எதற்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று தெருவே என்னைத்தான் கேட்கும். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணின் கணவர் கப்பல் சமையற்காரர். அமெரிக்காவில் இறங்கிவிட்டார் என்று தகவல் வந்ததோடு சரி, பிறகு பல வருடமாகப் பேச்சுமூச்சு இல்லை. இறந்திருப்பார் என்று முடிவு கட்டிய அவருடைய தம்பி, வீட்டுச் சாமி மேடையில் இறந்தவர்களுக்கு வைப்பதுபோல் அண்ணனின் பெயர்ப்பலகையை வைத்துச் சடங்கு செய்ய நாள் குறித்துவிட்டார். பலகை ஏறினால் அவள் விதவை.

சடங்குக்கு முதல்நாள் அவள் ஓடி வந்தாள். "கிராணி, அவரு படத்துல இருக்காரு. வந்து பாருங்கலா!" எங்கள் பேச்செல்லாம் பசார் மலாய் என்ற கடைத்தெரு மலாய் மொழியில்தான்.

சீனாவில் ஊழியம் செய்யும் வெள்ளைக்காரப் பாதிரியாரைப் பற்றிய படம் அது. நான் பொறுமையாக விளக்கினேன். கதைதான் சீனா, எடுத்தது அமெரிக்காவில். அதில் பெரிய சீன வேஷம் கட்டியவர்கள்கூட முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர்கள்.

"அவரு இருக்கறதும் அமெரிக்காதானே?" என்றாள்.

விளக்க வேறொன்றும் இல்லாததால் போனேன். கொழுந்தனும் முணுமுணுத்தபடி வந்தார்.

திரையில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். பாதிரியார் தேவாலயக் கதவைத் திறந்துவிட, ஊரே மூட்டை முடிச்சோடு ஓடியது. "அதோ!" என்று அவள் என் கையைப் பிடித்தாள். இடது தோள் சரிந்த ஒருவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

அவள் கணவருக்கும் தோள் அப்படித்தான் சரிந்திருக்கும். ஆனால் மூட்டை தூக்கினால் யாருக்குத்தான் சரியாது?

வெளியே வந்ததும் கொழுந்தன் மறித்தார். "நீங்க படிச்சவரு. அண்ணந்தானா, இல்லையா? ஒரே பேச்சு."

திட்டவட்டமாக எழுது என்று ஊரையே விரட்டிய நான், "தெரியலப்பா" என்றேன்.

"இவ்ளோ படிச்சு இதுதானா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா? கிராணிக்கே தெரியல. உசுரோட இருக்கறவருக்குப் பலகை வெச்சா குடும்பம் விளங்குமா?"

சடங்கு நின்றது.

கணவர் இன்றுவரை வரவில்லை. தினமும் காலையில் அவள் என்னைப் பார்த்து நன்றியோடு சிரிக்கிறாள். அன்று ஒரு மனிதரைச் சாகாமல் காத்தேனா, ஒரு பெண்ணை ஆயுளுக்கும் வாசலில் நிறுத்திவிட்டேனா என்று புரியாமல் நானும் சிரித்துவைக்கிறேன்.