ஹெப்சி போட்ட பலகை

சேலையூர் கேம்ப் ரோட்டில் மனை விற்கும் ஆபீஸ் ஒன்றில் ஹெப்சி பதினோரு வருஷமாக நாற்காலியிலேயே நடந்துகொண்டிருந்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. எழுந்து நடந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடக்க வேண்டும். மனை பார்க்க வந்தவர்கள் மனையை மறந்து "அச்சச்சோ" என்று அவளைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவளுக்கு அறவே ஆகாது. ஆபீஸ் நாற்காலிக்குத்தான் சக்கரம் இருக்கிறதே! வலது காலால் ஒரு உந்து உந்தினால் கவுன்டரிலிருந்து ஜெராக்ஸ் மெஷின், இன்னொரு உந்தில் ஃபைல் அலமாரி. தரை வழவழ டைல்ஸ். அவளுக்குக் கால் சரியில்லை என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

முதலாளி பரந்தாமனுக்கு அது பொறுக்கவில்லை. யோசித்துக் கெடுதல் செய்தார் என்று சொல்ல முடியாது. யோசிக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்விட்டு வந்தவர், மறு வாரமே ஆபீஸ் முழுக்கக் கார்பெட் போட்டுவிட்டார். விரல் கனத்துக்கு, மாம்பழ நிறத்தில். மனை இருக்கிற இடத்தில் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர்; அதை விற்கிற இடத்தில் கார்பெட். என்ன ஒரு பொருத்தம்!

ஹெப்சியின் நாற்காலி புதைந்து நின்றது. உந்திப் பார்த்தாள். அது அசைவதாக இல்லை.

"சார், சேர் நகர மாட்டேங்குது. என் கால் உங்களுக்குத் தெரியும்ல?"

"கொஞ்ச நாள் போனா பழகிடும்மா."

கால் பழகுமா, கார்பெட் பழகுமா என்று அவர் விளக்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னதற்கு, "நடந்தா உடம்புக்கு நல்லதுதானே" என்று வைத்தியம் சொன்னார். மூன்றாவது தடவை, "முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார். அன்று சாயங்காலம் அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்து ஹெப்சி நன்றாக அழுதாள். வேலையும் வேண்டும், அந்த "அச்சச்சோ"வும் வேண்டாம். அழுது முடித்து, இஞ்ச் டேப்பைத் தேடினாள்.

கவுன்டரிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வரை நேராக, அங்கிருந்து மடங்கி அலமாரி வரை ஒரு பாதை போட்டால் போதும் என்று கணக்குப் பண்ணி, குரோம்பேட்டையில் இரண்டு துண்டு ப்ளைவுட் அறுத்து வாங்கி வந்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் சாலமன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"இன்னா ஹெப்சி, வூட்ல ஸ்டூலு ஆடிக்கினு கீது. அத்த வுட்டுட்டு ஆபீஸுக்குத் தச்சு வேலையா?"

"அந்த ஸ்டூலு ஆறு மாசமா உன்னத்தான் பாத்துக்கினு கீது. வந்து இந்தக் கட்டையப் புடி."

முதலில் செய்தது தேறவில்லை. கார்பெட் மெத்தென்று இருந்ததால், உட்கார்ந்ததும் இரண்டு பலகையும் சேருமிடம் பள்ளமாக அமுங்கிச் சக்கரத்தைக் கவ்வியது. வீட்டுக்குக் கொண்டுபோய், இணைப்புக்கு அடியில் ஒரு பட்டைக் கட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். சக்கரம் விளிம்பைத் தாண்டி விழாமலிருக்கச் சுற்றிலும் பீடிங் சட்டம் அடித்தாள். உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கோட் வார்னிஷ். ஒரு வாரம் வீட்டில் சாம்பாரும் வார்னிஷ் வாசனைதான்.

திங்கட்கிழமை பலகையைக் கார்பெட் மேல் போட்டு, உட்கார்ந்து, ஒரு உந்து. நாற்காலி சர்ரென்று ஜெராக்ஸ் மெஷினுக்குப் போய் நின்றது. ஹெப்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் நாலு மனை விற்றது. கேட்ட பத்திரம் கேட்ட நிமிஷத்தில் கைக்கு வந்தால் விற்காதா? ஆனால் விற்பனைப் பையன் தீனா வேறு காரணம் கண்டுபிடித்தான்.

"சார், அக்கா பலக வந்ததுலேர்ந்து நாலு மனை பூட்ச்சு சார். செம ராசி சார்!"

ராசி என்று காதில் விழுந்தால் போதும், பரந்தாமனைக் கையில் பிடிக்க முடியாது. மறுநாள் காலை ஹெப்சி வந்தபோது கவுன்டருக்குப் பின்னால் வெறும் கார்பெட். பலகை முதலாளி அறையில், அவர் நாற்காலிக்குக் கீழே, சந்தனம் குங்குமத்தோடு கிடந்தது. அதன் ஒரு கை கதவு வரை நீட்டிக்கொண்டு வழியை மறித்தது.

"நீ வேற ஒண்ணு செஞ்சுக்கோம்மா. உனக்குத்தான் கைவேலை நல்லா வருதே."

ஹெப்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'வேலையே வேண்டாம்' என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரி சார், நீங்களே வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இது எங்க கல்லறைக்குச் சவப்பெட்டி செய்யறவர்கிட்ட வாங்கின பலகை. செத்தவருக்கு அளவெடுத்து அறுத்தது. ஆள் கொஞ்சம் உயரம், பத்தலன்னு ஒதுக்கிட்டாங்க. உங்க உயரம்தான் சார் இருப்பாரு."

பரந்தாமன் நாற்காலியிலிருந்து எழவில்லை, குதித்தார்.

"தீனா! எட்றா இத!"

"ஐயோ சார், நா மாட்டேன்! வூட்ல புள்ளகுட்டி கீது!"

கடைசியில் முதலாளியே கையில் நியூஸ்பேப்பரைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கம் தூக்க, கண்ணை மூடிக்கொண்டு தீனா மறுபக்கம் தூக்கினான். பலகை கவுன்டருக்குப் பின்னால் பழைய இடத்துக்கே வந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் சார்," என்றாள் ஹெப்சி. "பீடிங் சுவர்ல ஒட்டணும்."

ஒட்டினார். ஒட்டிவிட்டுப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

பொய் சொன்னதற்கு ஹெப்சி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. பதினோரு வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் தன் காலைக் காட்டிச் சொன்னபோது அசையாத மனுஷன், பிறக்கவே பிறக்காத ஒரு பிணத்துக்காகக் குனிந்து பலகை தூக்கினார். அதை நினைத்தால் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.