கம்மலும் பதினேழு பிழைகளும்

எங்கள் ஆபீஸ் டெஸ்டர் அக்காவை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களாம் என்று லிஃப்டில் யாரோ பேசிக்கொண்டதாகப் பக்கத்து சீட்காரர் சொன்னார். வெளிநாட்டில் வேலை போனால் விசாவும் போய்விடுமே என்று தினமும் பயப்படுகிறவன் நான். நேராக அக்காவிடமே ஓடினேன்.

"யாரும் தூக்கலடா. நானேதான் வேற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்," என்றார்.

பன்னிரண்டு வருடமாக மென்பொருளில் பிழை தேடுகிறவர். படம் பார்த்தாலும் அதே கண்தான். கதாநாயகனின் கைக்கடிகாரம் அடுத்த ஷாட்டில் கை மாறியிருந்தால் ஆபீஸில் பிழையைச் சொல்வதுபோல் தியேட்டரிலேயே "பக்!" என்று கத்திவிடுவார். படப்பிடிப்பில் இந்த மாதிரித் தவறுகளைக் கவனிக்க ஒரு புது இயக்குநர் ஆள் தேடுகிறாராம். விண்ணப்பித்தவர்களுக்குத் தன் வெளிவராத படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். அக்கா பதினேழு பிழைகளை ஆபீஸில் பிழைகளைப் பதியும் படிவத்திலேயே நிரப்பி அனுப்பிவிட்டார்.

"பழக்கதோஷத்துல 'தீவிரம்: மிக அதிகம்'னு வேற போட்டுட்டேன். எதுக்குத் தெரியுமா? அடுத்த ஷாட்டுல காணாமப் போன ஹீரோயின் கம்மலுக்கு!"

"போச்சு போங்க. மனுஷன் அழுதிருப்பாரு."

"அழட்டும், திருத்தினாப் போதும். இது கிடைக்கலைன்னா இன்னும் பன்னிரண்டு வருஷம் நான் லாகின் பட்டனையே அமுக்கிட்டு இருக்கணும்டா."

மேசையில் போன் அதிர்ந்தது. இயக்குநர்தான். அக்கா அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்தார்.

"வீடியோ கால் இல்லக்கா."

"தெரியும், சும்மா இரு."

தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுக்கத்தான் மறந்துவிட்டார்; அது அடித்துக்கொண்டே இருந்தது.